பூஜையில் இருந்த போல்ட்

இர்விங், டெக்ஸாஸ்
14 ஜூலை 2024

அன்புள்ள சாந்தாமணி அம்மிணிக்கு,

மூர்த்தி அண்ணன் எழுதுவது. இங்கே உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் முதுகு எப்படி இருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா, முகிலன் காலேஜ் கிளம்ப எத்தனை நாள் இருக்கிறது, எல்லாம் எழுது.

ஒரே நாட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று உனக்குச் சிரிப்பு வரும். ஃபோனில் நீ கேட்டால் "நல்லாருக்கறேன் அம்மிணி" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. உன் அண்ணி வான்மதி போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்த மார்ச் மாதத்திலிருந்து அந்த மணிச் சத்தமே எனக்கு ஆகவில்லை. எழுதுகிறேன், நீயும் எழுது.

போன சனிக்கிழமை இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பழைய சாமான் விற்றார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் புல்வெளியில் பரப்பியிருந்தார்கள். அங்கே ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. இரும்பில் "இஷாப்பூர், 1943" என்று பொறித்திருந்தது. கல்கத்தா பக்கம் செய்தது, எந்தெந்தக் கடல் தாண்டியோ டெக்ஸாஸ் வந்து வெயிலில் படுத்துக் கிடக்கிறது. என்னைப் போலவே இதற்கும் ஏகப்பட்ட பேப்பர் வேலை நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்து வாங்கி வந்துவிட்டேன்.

"சார், இதுல சுட்டுராதீங்க" என்று அந்தப் பையன் ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னான். குழல் முழுக்கத் துரு. அதைக் கழற்றிவிட்டுப் புதுக் குழல் போட வேண்டும். காரேஜில் இரும்பு கடைகிற லேத் மெஷின் சும்மா கிடக்கிறது. "காரை மழையில நிறுத்திப்போட்டு இரும்புக்கு வீடு கட்டியிருக்கறீங்க" என்று வான்மதி சொல்லிக்கொண்டே இருப்பாள், ஞாபகம் இருக்கிறதா.

மாப்பிள்ளைக்கும் முகிலனுக்கும் என் அன்பு.

அண்ணன்,
திருமூர்த்தி


வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்ஸி
22 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாந்தா எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஆபரேஷன். பிறகு ஆறு வாரம் ஒரு வாளி கூடத் தூக்கக்கூடாதாம். இதற்கு முன்னால் என்னவோ தினமும் தூக்கிக்கொண்டிருந்த மாதிரி. முகிலன் ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறான். நான் வேலை பார்க்கிற டேகேரில் ஒரு குழந்தை என்னைப் பாட்டி என்று கூப்பிட்டுவிட்டது, அந்த வருத்தத்தில் இருக்கிறேன்.

துப்பாக்கி விஷயத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணா, எறும்பு மருந்து போட்டதற்கே இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தவர் நீங்கள். அண்ணி போய் நாலு மாசம். ஆள் இல்லாத வீட்டில், நீங்கள் ஒருத்தர் மட்டும் இருக்கிற வீட்டில், அது எதற்கு? எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று எழுத என் கை வரவில்லை. உங்களுக்குப் புரியும்.

நான் உடனே கிளம்பி வந்திருப்பேன். இவரை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படி வருவது? நீங்கள் இங்கே வந்து ஒரு மாசம் இருங்கள். இல்லாவிட்டால் யாமினி கூப்பிடுகிறாளே, பே ஏரியா போய் மகளோடு இருங்கள். பதில் போடுங்கள். எதற்கு வாங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
சாந்தாமணி


இர்விங்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மிணிக்கு,

மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று யாமினி மெசேஜ் அனுப்பியிருந்தாள். நிம்மதி. இங்கே வெயில் நூற்றியேழு. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

பழைய குழல் லேசில் வரவில்லை. எண்பது வருஷம் ஒரே பிடியாகப் பிடித்திருந்தது. ஒன்பது நாள் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். தேக்குக் கட்டைகளைக் குடைந்து, குழலை நடுவில் வைத்து இறுக்கி, பெரிய ஸ்பேனர் போட்டு என் முழு எடையையும் கொடுத்தேன். பத்தாவது நாள் காலையில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பிறகு கையாலேயே சுற்றி வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் கண்ணீர் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அன்று மதியம் காரேஜ் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். கனவில் இமிக்ரேஷன் வரிசை. மனிதர்களுக்குப் பதில் துப்பாக்கிகள் நிற்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் இஷாப்பூர். வான்மதி மட்டும் மனுஷியாக எனக்கு முன்னால் நிற்கிறாள், நீலச் சுங்குடிச் சேலை, கையில் டிபன் பாக்ஸ். அதிகாரி ஒவ்வொருவரிடமும் எதற்காக வந்தாய் என்று கேட்கிறார். அவள் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் முறை வந்தது. எதற்காக வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, யாரும் கோபப்படவில்லை, எல்லாரும் பொறுமையாக நிற்கிறார்கள்.

விழித்தபோது சட்டை நனைந்திருந்தது. ஃபேன் போட மறந்திருக்கிறேன்.

அண்ணன்,
திருமூர்த்தி


வெஸ்ட் வின்ட்சர்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவர் நடக்கிறார். நான் நலம்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. குழல் எப்படிக் கழன்றது என்று நான் கேட்கவே இல்லை.

சாந்தா


இர்விங்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் இரண்டு வரிக் கடிதம் கிடைத்தது. கோபம் உனக்கு அழகுதான், சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். முகிலனைக் காலேஜில் விட்டுவிட்டு வந்து அழுதாயாமே. அழு, பரவாயில்லை.

புதுக் குழல் வந்துவிட்டது. உள்ளே திருகு வரிகள் போட்டே தருகிறார்கள். பின்பக்கம் மரை வெட்டி, பழைய உடம்போடு பொருத்துவது மட்டும் என் பாடு. மயிரிழையில் பாதி கூடினாலும் குறைந்தாலும் ஆகாது. லேத்தை மெதுவாக ஓட விட்டால் இரும்பு நீலச் சுருளாகக் கழன்று விழுகிறது. ஒரு சுருள் விழுந்து முடிவதற்குள் காலை போய் மதியம் வந்துவிடுகிறது. சில நாள் கிழமையே தெரிவதில்லை.

உன்னிடம் சொன்னால் என்ன. அந்த வேகத்தில் லேத் ஓடும்போது அடியில் ஒரு முனகல் வருகிறது. அது வான்மதி அரிசி களையும்போது தனக்குள் இழுப்பாளே, அந்த ராகம். லேத்தை நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுகிறாள். அதனால் சில நாள் இரும்பே மாட்டாமல் வெறும் லேத்தை ஓட விட்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவு வழியாக வெயில் உள்ளே வந்து கால்வரை நகர்ந்து, திரும்பிப் போகிறது.

குழலை ஏற்றிவிட்டால், பிறகு மிச்சம் இருப்பது போல்ட் ஒன்றுதான். துப்பாக்கியின் பின்னால் கைப்பிடியோடு இழுத்துத் தள்ளுவார்களே, அந்தத் துண்டு. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் மரமும் குழாயும்தான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கென்றே அளந்து, நம்பர் போட்டுச் செய்த போல்ட். வேறொன்றின் போல்ட் சேராது. புதுக் குழலுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

வீட்டையும் ஒழுங்குபடுத்திவிட்டேன். வான்மதியின் சேலைகளைக் கோயிலுக்கு வரும் ஆண்ட்டிகளுக்குக் கொடுத்தாயிற்று. கருவேப்பிலைத் தொட்டியைப் பக்கத்து வீட்டு விஷாகாவிடம் கொடுத்தேன், அந்தப் பெண் நன்றாகத் தண்ணீர் விடுவாள். வீட்டுப் பத்திரத்தை யாமினி பெயருக்கு மாற்ற வக்கீலைப் பார்த்தேன். வீடு லேசாகிவிட்டது. எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
திருமூர்த்தி


வெஸ்ட் வின்ட்சர்
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. இன்றே எழுதி இன்றே எக்ஸ்பிரஸில் போடுகிறேன். எல்லாரும் சௌக்கியம்.

ஒரு உதவி வேண்டும். மாட்டேன் என்று சொல்லக்கூடாது. அக்டோபர் பதினொன்று ஆயுத பூஜை. உங்கள் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது, அண்ணிக்கு வருஷம் திரும்பும் வரை பூஜை வைக்கக்கூடாது. பூஜை போடாத சாமானில் வேலையை முடிப்பது நம் வழக்கம் இல்லை. நான் கட்டிக்கொடுத்துப் போன பெண், எனக்கு அந்தத் தடை இல்லை. என் வீட்டில் நான் வைக்கிறேன்.

இங்கே போன வருஷம் ஆயுதம் என்று வைத்தது லேப்டாப், கார் சாவி, மிக்ஸி ஜார். சாமிக்கே சலித்துப் போயிருக்கும். துப்பாக்கியை முழுசாக அனுப்ப முடியாது என்று தெரியும். எது இல்லாவிட்டால் அது வெறும் மரமும் குழாயும் என்று எழுதினீர்களோ, அந்தத் துண்டை அனுப்புங்கள். அதை மட்டும் அனுப்பலாமாம், இவர் விசாரித்துவிட்டார். சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு அனுப்பிவிடுகிறேன்.

அண்ணா, நீங்கள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இது ஒன்று கேட்கிறேன்.

அந்தக் கருவேப்பிலைத் தொட்டியைத் திரும்ப வாங்கி வையுங்கள்.

தங்கை,
சாந்தா


இர்விங்
3 அக்டோபர் 2024

அம்மிணிக்கு,

நலம். பார்சல் தனியாக வருகிறது.

பத்து நாள் மேஜைமேலேயே இருந்தது. நேற்றுக் காலையில் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். போஸ்ட் ஆபீஸ் அம்மா, உள்ளே என்ன, உடையக் கூடியதா, கெட்டுப்போகக் கூடியதா என்று கேட்டார். துப்பாக்கிக்கு உண்டான இரும்புத் துண்டு, சாமி கும்பிட என் தங்கைக்கு அனுப்புகிறேன் என்றேன். ஒரு தரம் என்னைப் பார்த்தார், ஒரு தரம் அட்ரஸைப் பார்த்தார், புத்தகத்தில் என்னவோ சரிபார்த்துவிட்டு ஸ்டாம்ப் ஒட்டினார். பிறகு "நல்லா கும்பிடச் சொல்லுங்க" என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார்.

எண்ணெயைத் துடைக்காதே, துருப்பிடிக்கும்.

அண்ணன்


வெஸ்ட் வின்ட்சர்
25 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்களுக்கு வயிறு சரியில்லை என்று யாமினி சொன்னாள், சீரகம் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

பூஜை அமோகம். பித்தளைத் தட்டில் வாழை இலை போட்டு, நடுவில் உங்கள் போல்ட்டை வைத்து, பக்கத்தில் மிக்ஸி ஜாரை வைத்தேன். மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, சுண்டல். இவர் வந்து பார்த்துவிட்டு, "இத்தன மரியாதை எனக்குக் கல்யாணத்துலகூட நடக்கல" என்றார்.

ஒரே ஒரு தப்பு நடந்துவிட்டது. மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை செய்துதானே சாமான்களை எடுக்க வேண்டும். அன்று காலையில் இவர் குளியலறையில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. டாக்டரிடம் ஓடியதில் மறுபூஜை தவறிப்போயிற்று. மறுபூஜை ஆகாமல் ஆயுதத்தை எடுக்கக்கூடாது என்று உங்களுக்கே தெரியும். மிக்ஸி ஜாரை மட்டும் சாமியிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டேன், சட்னி அரைக்க வேண்டுமே. உங்களுடையது பூஜையிலேயே இருக்கிறது. நல்ல நாள் பார்த்துச் செய்துவிட்டு அனுப்புகிறேன்.

தீபாவளிக்கு இந்த வருஷம் உங்களுக்கு எண்ணெய் முழுக்கு இல்லை. வெந்நீரிலாவது குளியுங்கள்.

தங்கை,
சாந்தா


இர்விங்
16 நவம்பர் 2024

அன்புள்ள அம்மிணிக்கு,

மாப்பிள்ளை நலமா. நான் நலம்.

ஆயுத பூஜை ஒரு மாதமாக நடக்கிற வீடு உலகத்திலேயே உன் வீடு ஒன்றுதான். ராஜா காலத்தில்கூடப் பத்தே நாள்தான். மிக்ஸி ஜாருக்கு விடுதலை கிடைத்திருக்கிறது, என் சாமானுக்குக் கிடைக்கவில்லை. அது என்ன நியாயம்?

புதுக் குழலை ஏற்றிவிட்டேன். கையால் சுற்றும்போது மரை வெண்ணெயில் போவது போலப் போய், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இங்கே மரங்கள் இலை கொட்டிவிட்டன. காலையில் காரேஜ் கதவைத் திறந்தால் தெருவே கனவில் பார்த்த தெரு போல இருக்கிறது. நடப்பவர்கள் சத்தமில்லாமல் நடக்கிறார்கள். ஆபீஸுக்கு இப்போது போவதில்லை, லீவு போட்டிருக்கிறேன்.

டிசம்பர் பதினேழு வான்மதியின் பிறந்தநாள். அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட நினைக்கிறேன். போல்ட்டை அனுப்பிவிடு அம்மிணி.

அண்ணன்,
திருமூர்த்தி


வெஸ்ட் வின்ட்சர்
22 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுத முடியாத நிலை. உடுமலையில் இவருடைய பங்காளி ஒருவர் தவறிவிட்டார். தீட்டு. பதினாறு நாள் சாமி அறைக் கதவைச் சாத்தியாயிற்று, உள்ளே எதையும் தொடக்கூடாது. பதினாறு முடிந்தால் ஒரு வாரத்தில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் யாராவது புதுச் சாமானைக் கைக்கு எடுப்பார்களா? தை பிறக்கட்டும்.

அவ்வளவு அவசரம் என்றால் நீங்களே வந்து எடுத்துக்கொண்டு போங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு வாருங்கள். டிக்கெட் நான் போடுகிறேன். பிறந்தநாளன்று அந்த வீட்டில் தனியாக இருக்காதீர்கள். எங்கே வேண்டுமானாலும் இருங்கள், அங்கே வேண்டாம்.

யாமினியிடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்டாதீர்கள்.

சாந்தா


வெஸ்ட் வின்ட்சர்
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாசமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஃபோன் செய்தால் மெஷின் பேசுகிறது. யாமினி டிசம்பர் பதினெட்டாம் தேதியே அங்கே வந்து, கிறிஸ்துமஸ் லீவு முழுக்க உங்களோடு இருந்தாள். "அத்தை, அப்பா ஈட் பண்றாரு, வாக் போறாரு, பட் ஹி டஸ்ன்ட் டாக்" என்றாள். அவள் சொன்ன அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் பொங்கலை ஓட்டினேன்.

இனி என்னால் முடியாது. உண்மையை எழுதிவிடுகிறேன்.

உடுமலையில் யாரும் சாகவில்லை. அந்தப் பங்காளி போன வாரம்கூட இவரிடம் அரை மணி நேரம் பேசினார். உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகடித்த பாவம் எனக்கு. இவர் குளியலறையில் விழவும் இல்லை. விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கே மறுபூஜை முடிந்துவிட்டது. போல்ட்டை அப்போதே எடுத்துவிட்டேன். முதலில் அரிசி டிரம்மில் வைத்தேன். பிறகு இவர் அரிசி எடுக்கும்போது பார்த்துவிடுவாரோ என்று என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். நவம்பரில் உங்கள் கடிதம் வந்த அன்று காரை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போய், தூக்கிப் போட்டுவிடலாம் என்று நின்றேன். உங்கள் சாமான், நீங்கள் என்னை நம்பி அனுப்பியது, போட மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி பொட்டு வைத்தேன். தினமும் வைக்கிறேன். அந்த இரும்பிடம் தினமும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறேன்: என் அண்ணனை எனக்கு விட்டுக்கொடு என்று.

நான் கேட்டது பூஜைக்காக இல்லை அண்ணா. நீங்கள் செத்துப்போய்விடக்கூடாது என்று கேட்டேன். ஜூலையில் எழுத வராத வார்த்தையை இப்போது எழுதிவிட்டேன். உங்களை ஏமாற்றினேன். இனிமேலும் அனுப்ப மாட்டேன். நீங்கள் என்னோடு ஜென்மத்துக்கும் பேசாவிட்டாலும் அனுப்ப மாட்டேன்.

சாந்தா


இர்விங்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள என் அம்மிணிக்கு,

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறேன். உடுமலைப் பங்காளியும் உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி. தூக்கம் இப்போது பரவாயில்லை, மாத்திரை எடுக்கிறேன். நீ, மாப்பிள்ளை, முகிலன் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ ஜூலையில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். அந்தத் துப்பாக்கியை வாங்கிய அன்று அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்து வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் குழல் துருப்பிடித்து, ஒன்றுக்கும் உதவாமல் இருந்தது. சரி, முதலில் இதைச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். மரை வெட்டிய நாட்களெல்லாம் எனக்கு நல்ல நாட்கள். வேலை குறையக் குறையத்தான் பயம் வந்தது. அதனால்தான் வெறும் லேத்தை ஓட விட்டு உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் பதினேழு காலையில் காரேஜுக்குப் போனேன். அன்று நான் நன்றாக இல்லை, அதற்கு மேல் எழுத வேண்டாம். துப்பாக்கி மேஜைமேல் கட்டைகளுக்கு நடுவில் இருந்தது. போல்ட் இருக்க வேண்டிய இடம் காலி. கதவு திறந்திருந்ததால் குழல் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வந்து, மேஜைமேல் காசு அளவுக்கு விழுந்திருந்தது. குனிந்து பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் பக்கத்து வீட்டு வேலி, வேலிமேல் ஒரு ஈரத் துண்டு, கொஞ்ச நேரம் கழித்து விஷாகா, கையில் நம் கருவேப்பிலைத் தொட்டி. இடத்தை மாற்றி வெயிலில் வைத்தாள். எல்லாம் சின்னதாக, தூரத்தில், தெளிவாக இருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது முட்டி வலித்தது. உள்ளே போய், மனசு தாங்காத நேரத்தில் கூப்பிடச் சொல்லி டாக்டர் கொடுத்து வைத்திருந்த நம்பருக்கு நானே ஃபோன் செய்தேன்.

இப்போது வாரம் ஒரு நாள் கவுன்சலிங் செய்கிற ஒரு அம்மாவிடம் போய்ப் பேசுகிறேன். முதல் மூன்று வாரம் அவர் மட்டும்தான் பேசினார். துப்பாக்கி என் வீட்டில் இல்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவர் பூட்டி வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

என்னை ஏமாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறாய். இல்லை. உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்ததுமே எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் நானே அந்தப் போல்ட்டைத் துணியில் சுற்றி மூன்று தடவை காரில் வைத்தேன், யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று. யாரிடம் போய், என்ன காரணம் சொல்லிக் கொடுப்பது? ஒவ்வொரு தடவையும் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். அப்போதுதான் நீ பூஜைக்கு என்று எழுதினாய். பூஜைக்கு என்றால் காரணம் சொல்லாமல் கொடுத்துவிடலாம். இந்த ஊரில் யாராவது என்னிடம் அதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன் அம்மிணி. நீ கேட்டாய்.

பிறகு நவம்பரில் திருப்பிக் கேட்டது நான்தான். நீ தராமல் இருந்ததும் நல்லதுதான். நீ சொன்ன ஒவ்வொரு பொய்யையும் படித்துவிட்டு, இவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போவேன்.

மார்ச்சில் வான்மதிக்குத் திதி. அதற்கு முன்னால் உன் வீட்டில் பத்து நாள் இருக்க வருகிறேன். இந்த மாதம் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு நெவார்க். ஏர்போர்ட்டுக்கு நீ வராதே, மாப்பிள்ளையை அனுப்பு. உன்னைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன், அங்கே இரண்டு நிமிஷத்துக்கு மேல் காரை நிறுத்த விடமாட்டார்கள்.

உன் அண்ணன்,
மூர்த்தி